ஒரே வெண்புள்ளி, இரு வேறு உப்புகள்

1913-ஆம் ஆண்டு பெர்லினில் ஆல்பர்ட் சாலமன் என்ற அறுவை மருத்துவர், நோயாளிகளிடமிருந்து அகற்றப்பட்ட ஏறத்தாழ 3000 மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். புற்று எந்தத் திசையில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று அறிவதே அவருடைய நோக்கம். சில படங்களில் கட்டியின் நடுவே சின்னஞ்சிறு புள்ளிகள் தெரிந்தன. அவற்றைக் குறித்துவைத்தார், ஆனால் அவை நோயைக் கண்டறிய உதவும் என்பது அப்போது புலப்படவில்லை. 1951-இல் உருகுவே நாட்டு மருத்துவர் ராவுல் லெபோர்ன் அந்தப் புள்ளிகளை மறுபடி கையிலெடுத்தார். பொடியுப்பைத் தூவியது போன்ற நுண்ணிய கால்சியம் படிவுகள் தெரிந்தால், கட்டி கைக்குத் தட்டுப்படாவிட்டாலும் புற்றைச் சந்தேகிக்க வேண்டும் என்று எழுதினார். இன்றைய மேமோகிராம் பரிசோதனை அந்தக் கவனிப்பின் மேல்தான் பெருமளவு நிற்கிறது.

மேமோகிராம் அறிக்கையில் ‘மைக்ரோகால்சிஃபிகேஷன்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டுத் தூக்கம் இழந்த பெண்கள் ஏராளம். அரை மில்லிமீட்டருக்கும் சிறிய கால்சியம் படிவுகளுக்கு அந்தப் பெயர். அவை வலிக்காது, தடவிப் பார்த்தாலும் அகப்படாது. கைக்கு அகப்படாத மார்பகப் புற்றுகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இந்தப் புள்ளிகளைக் கொண்டுதான் பிடிபடுகின்றன. பால்குழாயின் சுவரைத் தாண்டாமல் உள்ளேயே அடங்கியிருக்கும் ஆரம்பநிலைப் புற்றைப் பொறுத்தவரை, பெரும்பாலும் இவைதான் ஒரே தடயம். அதே வேளையில், இந்தப் புள்ளிகளுக்காகச் செய்யப்படும் பயாப்சிகளில் பெரும்பாலானவை ‘புற்று இல்லை’ என்றே முடிகின்றன.

இந்த இரண்டும் ஒருங்கே உண்மையாக இருப்பதற்கான காரணத்தில் ஒரு பங்கு வேதியியலுக்கு உரியது. படத்தில் ஒரே வெள்ளையாகத் தெரியும் புள்ளி, பெரும்பாலும் இரு வேறு உப்புகளில் ஒன்று. கால்சியம் ஆக்சலேட்டாக இருக்கலாம். கால்சியம் பாஸ்பேட்டின் ஒரு வடிவமான ஹைட்ராக்சிஅபடைட்டாகவும் இருக்கலாம். இரண்டிலும் கால்சியம் உண்டு என்பதால் இரண்டும் எக்ஸ்ரே கதிரைத் தடுக்கின்றன. படத்துக்கு அதற்கு மேல் தெரியாது. ஆனால் அவை பிறக்கும் விதத்தை அருகருகே வைத்துப் பார்த்தால், திசுவுக்குள் நடப்பவை முற்றிலும் வேறான இரண்டு நிகழ்ச்சிகள் என்று விளங்கும்.

அதற்கு முன் ஒரு கவலையைத் தீர்த்துவிட வேண்டும். கால்சியம் மாத்திரை சாப்பிட்டதால், பாலும் கேழ்வரகும் அதிகம் சேர்த்துக்கொண்டதால் இது வந்ததோ என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. இரத்தத்தில் கால்சியம் அளவு முற்றிலும் இயல்பாக இருக்கும்போதே இவை படிகின்றன. காரணம் உணவில் இல்லை. அந்தந்த இடத்துத் திசுவில் இருக்கிறது. மருத்துவர் சொல்லாமல் யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

இந்த இரு உப்புகளையும் முறையாகப் பிரித்துக் காட்டியது 1984-இல் பிரான்ஸின் லூசியன் ஃப்ராப்பாரும் அவருடைய உடனாய்வாளர்களும் செய்த ஆய்வு. மார்பகத் திசுவில் கிடைத்த படிவுகளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, அவற்றில் உள்ள தனிமங்களையும் அளந்தார்கள். ஆக்சலேட்டை முதல் வகை என்றும் அபடைட்டை இரண்டாம் வகை என்றும் பிரித்தார்கள். இன்றும் அந்த வரிசையே வழங்குகிறது.

முதல் வகையைப் பற்றிச் சொல்ல வேண்டியது குறைவு. கால்சியம் ஆக்சலேட் இரண்டு நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு படிகமாகும்போது அதற்கு வெட்டலைட் என்று பெயர். அண்டார்டிக்காவை ஒட்டிய வெட்டல் கடலின் அடிச்சேற்றில் கிடைத்த கனிமம் அது. சிறுநீரகக் கற்களிலும் காணப்படுவது. மார்பகத்தில் அது நிறமற்றோ வெளிர்மஞ்சளாகவோ, கூரிய முகங்களுடன், நேர்த்தியான படிகமாக இருக்கும். அதன் இருப்பிடம் பெரும்பாலும் நீர்க்கட்டிகள். நடுவயதுப் பெண்களின் மார்பகத்தில் மிகச் சாதாரணமாக வரும் சிறு நீர்ப்பைகளின் உட்சுவரில், அக்குள் வியர்வைச் சுரப்பியின் செல்களை ஒத்த செல்கள் சில நேரம் வரிசை கட்டுகின்றன. அபோகிரைன் செல்கள் எனப்படும் இவை எதையாவது சுரந்துகொண்டே இருப்பவை. ஆக்சலேட் படிகங்கள் இவற்றின் அருகில்தான் மீண்டும் மீண்டும் காணப்படுகின்றன.

ஆக்சலேட் என்பது உடலின் வேதிமாற்றத்தில் கடைசியாக மிஞ்சும் பொருள். மனித உடலில் அதைச் சிதைக்கும் நொதி கிடையாது. வெளியேற்றுவது ஒன்றே வழி. சிறுநீரகத்துக்கு அந்த வழி இருக்கிறது. வாய் மூடிய நீர்க்கட்டிக்கு இல்லை. சுரப்பு தேங்கும், தேங்கிய நீரில் ஆக்சலேட்டும் கால்சியமும் சந்திக்கும், அந்த உப்போ நீரில் மிக அரிதாகவே கரையும். ஆகவே படிகிறது. இதற்கு எந்தச் செல்லும் சாக வேண்டியதில்லை. எலும்புக்குரிய புரதம் எதுவும் தேவையில்லை. சுரப்பும் தேக்கமும் போதும். அதனால்தான் ஆக்சலேட் கிடைக்கும் இடங்கள் ஏறக்குறைய எல்லாமே தீங்கற்ற மாற்றங்களாக இருக்கின்றன. விதிவிலக்குகள் உண்டு. ஃப்ராப்பார் குழுவே, பால்சுரப்பி நுண்மடலுக்குள் அடங்கிய செல் பெருக்கத்திலும் இதைக் கண்டது. ஆகவே ஆக்சலேட் என்றால் நூற்றுக்கு நூறு பயமில்லை என்று எழுத மாட்டேன்; பயப்படுவதற்கான காரணம் வெகுவாகக் குறைகிறது என்று எழுதலாம்.

இரண்டாம் வகையின் கதை நீண்டது. ஹைட்ராக்சிஅபடைட் நம் எலும்புக்கும் பல்லுக்கும் உறுதி தரும் அதே கனிமம். பத்துக் கால்சியம், ஆறு பாஸ்பேட், இரண்டு ஹைட்ராக்சில் என்பது அதன் ஏட்டுச் சூத்திரம். உடலுக்குள் சில பாஸ்பேட்டுகளின் இடத்தில் கார்பனேட் உட்கார்ந்துகொள்ளும். இது தீங்கற்ற மாற்றங்களிலும் படியும், புற்றிலும் படியும். ஆனால் பரவும் புற்றில் கிடைக்கும் படிவு என்றால் அது அநேகமாக இதுவே. எலும்பின் பொருள் மென்மையான மார்பகத்தில் எப்படி விளைகிறது? இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. நெடுங்காலம் ஒன்றே ஆட்சி செய்தது.

அந்தப் பழைய விளக்கம் செல்லின் சாவிலிருந்து தொடங்குகிறது. உயிருள்ள செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியத்தின் அடர்த்தி, உள்ளே தனித்திருப்பதைப் போல ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு. செல்லின் சவ்வில் உள்ள பம்புகள் ஓயாமல் ஆற்றல் செலவழித்து அதை வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால்தான் இந்த வேறுபாடு நிலைக்கிறது. இப்போது பால்குழாய்க்குள் புற்றுச் செல்கள் பெருகிக் குழாயை அடைத்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரத்த நாளங்கள் குழாய்க்கு வெளியே இருக்கின்றன. ஆக்சிஜன் திசுவுக்குள் ஊடுருவும் தூரம் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர்தான். ஓரத்துச் செல்கள் பிழைக்கின்றன; நடுவில் இருப்பவை மூச்சின்றி மடிகின்றன. பம்பு நின்றதும் கால்சியம் உள்ளே பாய்கிறது. சிதையும் மரபுப்பொருளும் சவ்வின் கொழுப்பும் பாஸ்பேட்டை விடுவிக்கின்றன. இதுவரை உட்பக்கம் ஒளிந்திருந்த சில சவ்வுக் கொழுப்புகள் வெளிப்பட்டுக் கால்சியத்தைப் பற்றிக்கொள்கின்றன. கால்சியமும் பாஸ்பேட்டும் ஓரிடத்தில் கூட, அபடைட்டின் முதல் துகள் அங்கே உண்டாகிறது. குழாயின் வடிவத்திலேயே படிவு நீளும். குழாய் கிளைத்தால் அதுவும் கிளைக்கும். மேமோகிராமில் மெல்லிய கோடுகளாகக் கிளை பிரிந்து தெரியும் வெண்படிவைக் கண்டதும் கதிரியக்க மருத்துவர் கவலைப்படுவது இதனால்தான். ஸ்வீடனில் லாஸ்லோ தபார் நடத்திய நெடுங்கால ஆய்வுகளில், கட்டி சிறியதாகவே இருந்தாலும் இந்த வார்ப்பு வடிவப் படிவு கொண்ட பெண்களில் ஒரு பகுதியினருக்கு நோய் எதிர்பார்த்ததைவிடக் கடுமையாக இருந்தது.

இந்த விளக்கம் உண்மை. ஆனால் முழு உண்மையா? தீவிரம் குறைந்த குழாய்ப் புற்றுகளில் மடிந்த செல்கள் இல்லாமலேயே கால்சியம் படிந்திருப்பதைத் திசுவைப் பார்ப்பவர்கள் நெடுநாளாக அறிவார்கள். அங்கே படிவு, அடுக்கடுக்காக வட்டமிட்ட சிறு உருண்டைகளாக, செல்கள் வெளிவிட்ட சுரப்பின் நடுவே கிடக்கிறது. சாவு இல்லாத இடத்தில் சாவைக் காரணம் சொல்ல முடியாது.

இங்கேதான் இரண்டாவது விளக்கம் நுழைகிறது. 1990-களில் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் அகெய்லா பெல்லசேனும் வின்சென்ட் காஸ்ட்ரோனோவோவும், எலும்பில் கனிமம் படிய உதவும் புரதங்கள் மார்பகப் புற்றுச் செல்களிலும் உற்பத்தியாவதைக் காட்டினார்கள். எலும்பைக் கட்டும் செல்களுக்கு என்று நினைத்திருந்த சரக்கு மார்பகச் செல்லிடம் எப்படி வந்தது என்ற கேள்வி அத்துடன் எழுந்தது. 2012-இல் அயர்லாந்தின் டப்ளினில் மரியா மோர்கன் குழு இன்னும் ஒரு படி போனது. எலியின் மார்பகப் புற்றுச் செல்களைத் தட்டில் வளர்த்து, எலும்புச் செல்லுக்குக் கொடுப்பது போலவே கரிமப் பாஸ்பேட்டையும் வைட்டமின் சி-யையும் கொடுத்தார்கள். செல்கள் தாமே கனிமத்தைப் படியவைத்தன. கரிமப் பாஸ்பேட்டிலிருந்து பாஸ்பேட்டைப் பிரித்தெடுக்கும் ஆல்கலைன் பாஸ்படேஸ் நொதியைத் தடுத்தபோது படிவு குறைந்தது. பாஸ்பேட்டைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் வாயிலை அடைத்தபோதும் குறைந்தது. வெறும் சிதைவாக இருந்திருந்தால் இந்தத் தடைகளுக்கு அது கட்டுப்பட்டிருக்காது. 2014-இல் ரோமில் மனுவேல் ஷிமெக்காவும் உடனாய்வாளர்களும், நோயாளிகளின் திசுவிலேயே, படிவுக்கு அருகில் எலும்பாக்கச் செல்லின் குணங்களை ஏற்ற புற்றுச் செல்கள் இருப்பதாக எழுதினார்கள். தன் பிறவித் தன்மையை நெகிழ்த்திக்கொண்டு நகரும் இயல்பைப் பெறும் புற்றுச் செல், அந்த நெகிழ்வின் வழியாகவே எலும்புச் செல்லின் வேலையையும் ஏற்கிறது என்பது அவர்கள் வாதம்.

என் மதிப்பீட்டில், இந்த இரண்டு விளக்கங்களில் ஒன்றைத் தேர்ந்து மற்றதைத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் சம எடை கொடுப்பதும் சரியாகாது. தீவிரமான குழாய்ப் புற்றின் நடுவில் செத்த செல்களே தொடக்கம் என்பதற்குக் கண்ணால் காணும் சான்று இருக்கிறது. சாவில்லாத இடங்களுக்கு உயிருள்ள செல்லின் உழைப்பே பொருத்தமான விளக்கம். இரத்தநாளச் சுவரில் கால்சியம் படிவதைப் பற்றிய அறிவும் இதே பாதையில்தான் நடந்தது. அதுவும் முதுமையின் வெறும் படிவு என்று கருதப்பட்டு, பிறகு சுவரின் தசைச் செல்கள் எலும்புச் செல்லின் போக்கை ஏற்பதால் நடப்பது என்று திருத்தப்பட்டது. மார்பகம் அதைவிட ஒரு படி முன்னே நிற்கும் உறுப்பு. பாலூட்டும் காலத்தில் ஒரு லிட்டர் பாலுக்கு ஏறத்தாழ 300 மில்லிகிராம் கால்சியத்தைச் சேர்த்து அனுப்பும் செல்கள் அதில் இருக்கின்றன. கால்சியத்தைக் கையாளும் திறன் அந்தத் திசுவின் பிறப்புரிமை. புற்று அந்தத் திறனை வேறு வழிக்குத் திருப்புகிறது.

இரு உப்புகளையும் பிரிக்கும் இன்னொரு கேள்வி, படிந்த பிறகு அவை என்ன செய்கின்றன என்பது. அபடைட் சும்மா கிடப்பதில்லை. 2001-இல் டப்ளின் குழு மார்பகப் புற்றுச் செல்களின் மேல் அபடைட் துகள்களைத் தூவிப் பார்த்தது. செல்கள் வேகமாகப் பிரிந்தன. சுற்றுப்புற நார்த்திசுவைக் கரைத்து வழி ஏற்படுத்தும் நொதிகளை அதிகம் உற்பத்தி செய்தன. அதாவது புற்று படியவைத்த கல், புற்றையே தூண்டிவிடுகிறது. சோதனைத் தட்டில் கண்டதை மனித உடலுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது என்றாலும், படிவை நோயின் அடையாளம் என்று மட்டும் பார்த்த பழக்கத்தை இது அசைத்தது. ஆக்சலேட்டையும் முழுக்கச் செயலற்றதென்று விட்டுவிட முடியாது. 2015-இல் அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒரு குழு, மார்பகக் கட்டிகளில் ஆக்சலேட்டின் அளவு அதிகமாக இருந்ததையும், நீடித்த ஆக்சலேட் சூழல் மார்பகச் செல்களைப் பெருகத் தூண்டியதையும் அறிவித்தது. அவர்கள் பேசியது கரைந்த நிலையிலுள்ள ஆக்சலேட்டைப் பற்றி. நீர்க்கட்டியில் கிடக்கும் படிகத்தைப் பற்றியதாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. படிகத்தின் கணக்கில் அபடைட்டின் மீதுள்ள சான்றே கனமானது.

அபடைட்டுக்கு உள்ளேயும் வேறுபாடு உண்டு. பொருளின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறித் திரும்பும் ஒளியிலிருந்து வேதிக்கட்டமைப்பை அறிவது ராமன் நிறமாலை முறை. திருச்சி மண்ணில் பிறந்த சி.வி. ராமனின் கண்டுபிடிப்பு இந்த ஆய்வில் நேரடியாகப் பயன்படுகிறது. 2002-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் அபிகேல் ஹாக்கா குழு இம்முறையால் ஆக்சலேட்டை அபடைட்டிலிருந்து எளிதாகப் பிரித்தது. அத்துடன், புற்றில் உள்ள அபடைட்டில் கார்பனேட் குறைவாகவும் புரதம் அதிகமாகவும் இருப்பதையும் கண்டது. பிரிட்டனில் நிக்கோலஸ் ஸ்டோன் உள்ளிட்டோர் செய்த பின்னாளைய ஆய்வும், நோய் தீவிரமாகும்போது கார்பனேட் குறைவதைக் காட்டியது. உப்பு எது என்பதோடு, அந்த உப்பு எந்தச் சூழலில் விளைந்தது என்ற செய்தியும் படிகத்துக்குள் எழுதப்பட்டிருக்கிறது.

இத்தனை ஆய்வுகளையும் தாண்டி, அன்றாட மருத்துவத்தில் இந்த ஒப்பீடு உடனே உதவும் இடம் ஒன்று இருக்கிறது. பயாப்சித் திசுவை மெல்லிய சீவலாக வெட்டி, ஹெமடாக்சிலின், இயோசின் என்ற இரு சாயங்கள் ஏற்றிப் பார்ப்பது உலகெங்கும் உள்ள நடைமுறை. அபடைட் ஹெமடாக்சிலினை ஏற்று நீலமும் ஊதாவுமாகப் பளிச்சென்று தெரியும். ஆக்சலேட் அந்தச் சாயத்தை ஏற்பதில்லை. கண்ணாடித் துண்டு போல நிறமற்றுக் கிடப்பதால் கண் அதைத் தாண்டிப் போய்விடும். பாஸ்பேட்டைக் கறுப்பாக்கிக் காட்டும் ஃபான் கோஸா சாயமும் இதில் பயன்படாது. மேமோகிராமில் புள்ளி இருக்கிறது, திசுவில் கால்சியம் இல்லை என்று அறிக்கை வரும். ஊசி தவறான இடத்தில் குத்திவிட்டதோ என்ற சந்தேகம் எழும். இன்னொரு பயாப்சி, இன்னும் சில வாரக் காத்திருப்பு, அந்த வீட்டில் எல்லோருக்கும் நிம்மதியின்மை. தொலைந்துபோன இந்தக் கால்சியம் பல வேளைகளில் ஆக்சலேட்டே என்று 1990-இல் தோர்னோஸும் உடனாய்வாளர்களும் சுட்டிக்காட்டினார்கள்.

தீர்வு மிக எளியது. ஒரே தளத்தில் அதிரும்படி வடிகட்டிய தளவிளைவு ஒளியில் அதே கண்ணாடித் தகட்டை வைத்தால், ஆக்சலேட் இருண்ட பின்னணியில் ஒளிர்ந்து எழும், அபடைட் எழாது. இதற்கு வேண்டியவை நுண்ணோக்கியில் பொருத்தும் இரண்டு வடிகட்டிகள், செலவு பெரிதில்லை. அப்படியும் காணவில்லை என்றால், திசு பதிக்கப்பட்ட மெழுகுக் கட்டியை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம். படிவு இன்னும் வெட்டப்படாத ஆழத்தில் இருக்கக்கூடும். அல்லது கத்தி பட்டு உதிர்ந்து, பள்ளத்தை மட்டும் விட்டுப் போயிருக்கக்கூடும்.

மேமோகிராம் படத்தைக் கொண்டே உப்பை இனம்பிரிக்கும் முயற்சிகள் ஆய்வகங்களில் நடக்கின்றன. அவை மருத்துவமனைக்கு வரும்வரை, படத்தில் படிவின் வடிவமும் பரவலும், தகட்டில் அதன் வேதியியலும் இரண்டு சாட்சிகளாகச் சேர்ந்தே பேச வேண்டும். வடிவம் சந்தேகத்துக்குரியதாக இருந்தால், உப்பு எதுவாக இருந்தாலும் பயாப்சியைத் தவிர்க்கக் கூடாது. ஆக்சலேட் கிடைத்தது என்ற ஒரே காரணத்தால் பக்கத்துத் திசுவைப் பார்க்காமல் விடுவதும் கூடாது. ஒரே மார்பகத்தில் இரு வகையும் இருக்கலாம்.

நோய்க்கூறியல் மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘கால்சியம் உள்ளது’ என்று மட்டும் எழுதாமல், எந்த வகை, எந்தத் திசு மாற்றத்துக்குள் அது இருக்கிறது என்பதையும் அறிக்கையில் சேர்த்து எழுதுங்கள். பயாப்சி செய்துகொண்டவர்களுக்கும் வீட்டாருக்கும் சொல்ல விரும்புவது இது: படத்தில் தெரிந்த புள்ளி திசுவில் இல்லை என்று அறிக்கை வந்தால், எடுத்த திசுத் துண்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்களா, தகட்டைத் தளவிளைவு ஒளியில் பார்த்தார்களா என்ற இரண்டு கேள்விகளையும் தயங்காமல் கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை, எல்லாம் சரியாகிவிட்டது என்று கோப்பை மூடிவிடாதீர்கள்.